பதினோரு பச்சை வாரங்கள்

பதினோரு வாரம் ஒரு மனிதரின் நோயை நான் பாராட்டிக்கொண்டிருந்தேன். வாய்வார்த்தைக்காக இல்லை, மனமாரப் பாராட்டினேன். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்தரைக்குக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் எடை குறைந்ததற்கு நானே குறைந்ததுபோல் சந்தோஷப்பட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள்.

உடல் பருமனால் அவதிப்படுகிறவர்களோடு போனில் பேசுவது என் வேலை. நிறுவனம் இதற்கு 'எடைத் துணைவர்' என்று பெயர் வைத்திருக்கிறது. என் கணவர் வைத்த பெயர் 'பட்டினி டீச்சர்'. வீட்டின் பின்னறையில், வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் என் அலுவலகம். எனக்கு நாற்பத்திரண்டு பேர், வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு இருபது நிமிடம். சேரும்போதே அவர்கள் வீட்டுக்கு ஓர் எடைமேடை போய்விடும். அதில் ஏறி நின்றால் போதும், எடை நேராக என் திரையில் வந்து விழும். போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் பச்சை, கூடியிருந்தால் சிவப்பு, ஏறவே இல்லையென்றால் சாம்பல். காலையில் கணினியைத் திறந்ததும் பச்சை எத்தனை என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன்.

இரு பக்கமும் கேமராவைத் திறக்கக் கூடாது. இதில் நிறுவனத்துக்குத் தனிப் பெருமை. பருமனானவர்கள் எங்கே போனாலும் எதிரில் இருப்பவர் முதலில் உடம்பைப் பார்க்கிறார், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார். கடைக்காரர் முதல் டாக்டர் வரை இதே கதைதான். நாங்கள் பார்க்க மாட்டோம், கேட்போம், அவ்வளவுதான். நல்ல எண்ணத்தில் வைத்த விதி என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். முகம் தெரியாததால்தான் பலர் மனம்விட்டுப் பேசினார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நான் எண்பத்தாறு கிலோ. வாயைக் கட்டச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்கிற நேரத்தில் அதைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை பாருங்கள்.

அவரைக் 'கிரேன்காரர்' என்றே மனதில் வைத்திருந்தேன். உயரமான கட்டடங்கள் கட்டுமிடத்தில் தலைக்கு மேலே ஒரு கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் சின்னக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். வயது ஐம்பத்து மூன்று, எடை நூற்றுப் பதினெட்டு. கூண்டுக்குப் போக ஒரே ஏணி. ஏறும்போது மாட்டிக்கொள்ளும் பட்டை நூறு கிலோவுக்குத்தான் உத்தரவாதம். புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் எல்லோரையும் நிறுத்தி எடை பார்த்தார். அன்றோடு இவரைக் கீழே இறக்கி, சாமான் அறையில் கையுறையும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

"இருபத்தாறு வருஷம் மேல இருந்தேன் மேடம். இப்ப நேத்து வந்த பசங்களுக்கெல்லாம் கையுறை எடுத்துக் குடுக்கறேன்," என்றார் முதல் நாள். "நூறுக்குக் கீழ வந்துட்டா மறுபடி ஏத்திடுவாங்க. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க."

முதல் ஏழு வாரம் படாத பாடுபட்டோம். ஒரு வாரம் பச்சை, மறுவாரம் சிவப்பு. சாமான் அறைக்கு எதிரிலேயே டீக்கடை இருந்ததுதான் அவருடைய பெரிய எதிரி. செய்த தப்பையெல்லாம் பள்ளிக்கூடப் பையன்போல் தானாகவே ஒப்பித்துவிடுவார், நானும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுவேன். ஏழாவது வார முடிவில் மொத்தமாக இரண்டு கிலோ குறைந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் அவர் கூண்டுக்குப் போவதற்குள் கட்டடமே முடிந்துவிடும் என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார்.

எட்டாவது வாரம் ஒன்றே முக்கால் கிலோ ஒரேயடியாக இறங்கியது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, பசியே எடுக்கவில்லை, தட்டைப் பார்த்ததுமே போதும் என்று இருக்கிறது என்றார். எங்கள் படிவத்தில் 'பசிக் கட்டுப்பாடு' என்று ஒரு வரி உண்டு. மற்றவர்களுக்கு அதில் 'முயற்சி தேவை' என்று போட்டுப் போட்டே கை சலித்திருந்தது. அன்று முதல்முறையாக 'மிக நன்று' போட்டேன்.

அடுத்த வாரமும் பச்சை. அதற்கடுத்த வாரமும் பச்சை. மூன்று வாரம் தொடர்ந்து இப்படி இறங்கினால் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து, எடை குறையும் காரணம் தெரியுமா என்று கேட்கும். இரண்டு பதில்தான். தெரியும், திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறார். அல்லது தெரியாது, மருத்துவரைப் பார்க்கச் சொல்லவும். யோசிக்கக்கூட இல்லை, முதல் பதிலை அழுத்தினேன். திட்டம் என்னுடையது. என் திட்டம் பலித்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கென்ன வலிக்கிறதா?

இதற்கிடையில் முதுகு வலிக்கிறது என்று சொன்னார். வயிற்றில் ஆரம்பித்து பெல்ட் கட்டினதுபோல் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போகிறதாம். இத்தனை வருடம் இவ்வளவு எடையைச் சுமந்த முதுகு அல்லவா, குறையக் குறையச் சரியாகிவிடும் என்று சொன்னேன். எங்களிடம் வருகிறவர்களுக்கு மூட்டு வலி, முதுகு வலி, மூச்சு வாங்குவது எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருப்பது இந்த ஒரே பதில்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும்.

எந்த வாரம் என்று நினைவில்லை, 'மேடம்' போய் 'தங்கச்சி' வந்தது. வாடிக்கையாளரைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நிறுவன விதி. நானும் அண்ணா என்றேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. புதன்கிழமை வந்தால் அந்தக் குரலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினான்காவது வாரம் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கை மாறியது.

"நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். ஒரு நிமிஷம் கேளுங்க," என்றது ஒரு பெண்குரல். "இவர் இளைக்கற மாதிரி தெரியலைங்க. உருகற மாதிரி இருக்கு. தூங்கி எழுந்தா பனியன் பிழியற அளவுக்கு வேர்த்திருக்கு. தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. எனக்குப் பயமா இருக்கு. கொஞ்ச நாள் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

இந்த இடத்தில் எங்கள் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததும் நான்கு நாள் பாடம் நடத்துவார்கள். அதில் ஒரு முழு மதியம் 'குடும்ப எதிர்ப்பு' என்ற பாடம். வீட்டில் ஒருவர் இளைக்க ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் வந்துவிடும், முகம் வாடிப்போச்சு, கன்னம் ஒட்டிப்போச்சு என்று சொல்லிச் சொல்லியே அவரைப் பழைய நிலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள், அந்தப் பேச்சை நயமாக வெட்டிவிட வேண்டும் என்பது பாடம். அது பொய்யில்லை. என்னிடம் இருந்த ஒரு தையல்கார அம்மா மூன்று கிலோ குறைந்ததும் அவர் கணவர் தினமும் ஒரு பெட்டி இனிப்போடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஆறே வாரத்தில் அந்த அம்மா பழையபடி ஆனார். அப்படிப் பலரைப் பார்த்து எனக்குக் கணவன், மனைவி, மாமியார் யார் குரல் நடுவில் வந்தாலும் எரிச்சல்தான் வரும்.

அதனால் எப்போதும் சொல்வதையே அழகாகச் சொன்னேன். "அவர் மாறிக்கிட்டு வர்றார் மேடம். பாத்துப் பழகினவங்களுக்கு அது பழக கொஞ்ச நாள் ஆகும். இந்த நேரத்துல நீங்க பயந்தா அவர் மனசு விட்டுடுவார். உங்க ஆதரவுதான் இப்ப அவருக்கு மருந்து."

"சரிங்க. உங்களுக்குத் தெரியாததா," என்று போனைக் கொடுத்துவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டு, நான் குண்டாக இருந்தால்தான் இவளுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குறிப்பில் எழுதினேன்: 'குடும்ப எதிர்ப்பு, மனைவி. சுமுகமாகக் கையாளப்பட்டது.'

எங்கள் பேச்செல்லாம் பதிவாகும்; அதைக் கேட்ட மேற்பார்வையாளருக்கு அந்த உரையாடல் ரொம்பவே பிடித்துப்போனது. குரல் ஏறவில்லை, வாதம் செய்யவில்லை, இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். புதிதாகச் சேர்ந்த பத்துப் பேருக்கு அந்தப் பதிவைப் பாடமாகப் போட்டுக் காட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று கணவரிடம் அதைச் சொல்லும்போது மனைவியின் குரலை நான் நடித்துக்கூடக் காட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

பதினேழாவது வாரம் தொண்ணூற்றொன்பது காட்டியது. நூறுக்குக் கீழே வந்துவிட்டார். அந்த எண்ணை நான் இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன். பிறகு போகிறபோக்கில், உடம்பு லேசாக மஞ்சள் பூத்தாற்போல் இருக்கிறது என்று வீட்டில் நச்சரிக்கிறாள் என்றார். கேரட் நிறையச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். நீங்கள் சொன்னதிலிருந்து சோற்றுக்குப் பதில் அதைத்தான் கடிக்கிறேன் என்றார். அதுதான் காரணம், அளவுக்கு மேல் கேரட் சாப்பிட்டால் தோல் அப்படி ஆகும், குறைத்துக்கொண்டால் போய்விடும் என்றேன். சொன்ன தகவல் உண்மையானது. புத்தகத்தில் படித்து, பரீட்சை எழுதித் தேறிய தகவல். ஆளைப் பார்க்காமல் சொன்னேன் என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

அடுத்த புதன்கிழமை திரையில் தொண்ணூற்றேழு, அதுவும் பச்சை, ஆனால் அவர் குரலில் உற்சாகம் கம்மியாக இருந்தது. திங்கள்கிழமை பட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்திருக்கிறார். கீழே நின்று எல்லோரும் கை தட்டினார்களாம். ஏணியில் நின்று இளைப்பாறும் இரண்டாவது தட்டுக்குப் போவதற்குள் கால் வெடவெடவென்று நடுங்க, இறங்கிவிட்டார். பழக்கம் விட்டுப்போய்விட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"அதை விடுங்க தங்கச்சி. இவ்வளவு பாடுபட்டீங்க, நான் எப்படி ஆயிட்டேன்னு நீங்க பாக்கவே இல்லையே," என்றார். வேண்டாம் அண்ணா, விதி இடம் கொடுக்காது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தன் பக்கத்துக் கேமராவைத் திறந்துவிட்டார், என் திரை வெளிச்சமானது.

அவர் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அவர் பின்னால் வெள்ளைச் சுவர், சுவரில் ஒரு நாள்காட்டி. சுவர் வெள்ளையாகவே இருந்தது, அதனால் விளக்கின் நிறம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை. முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சள். கண்ணின் வெள்ளை விழியும் மஞ்சள். கேரட் தின்றால் கண் மஞ்சளாகாது, அதுவும் அதே புத்தகத்தில் அதே பக்கத்தில் இருக்கிறது. சட்டையை இடுப்புப் பக்கம் ஒரு கைப்பிடி பிடித்து இழுத்துக் காட்டி, இதற்குள் இன்னொரு ஆள் நுழையலாம் என்றார். அப்படியே மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டினார். சிறு பிள்ளைகள் புதுத் துணியைக் காட்டுவதுபோல் காட்டினார்.

"அண்ணா, கண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

இப்படி என்றால் எப்படி என்று அவர் கேட்டார். கேமராவுக்கு வெளியிலிருந்து, "பத்து நாளா," என்றாள் மனைவி.

இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள் என்று சொன்னேன். என் குரல் உடைந்துவிட்டது. அவர்தான் என்னைத் தேற்றினார். இதற்குப் போய் ஏன் பயப்படுகிறீர்கள், காமாலையாகத்தான் இருக்கும், சரியாகிவிடும் என்றார். அன்று மதியமே போய்விட்டார்கள். இரண்டு நாளில் மனைவியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

கணையத்தில் கட்டி. கல்லீரல் வரைக்கும் போயிருந்தது.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மனம் கஷ்டமாக இருக்கிறது என்றார், நாம் டாக்டர்கள் இல்லையே என்றார், இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பதிவைப் பாடத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். கிரேன்காரரின் பெயருக்கு எதிரில் 'மருத்துவக் காரணம், விலகல்' என்று போட்டு என் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். புதன்கிழமை பத்தரை மணிக்கு வேறொரு ஆளைக் கொடுத்தார்கள். புது ஆள் தன் மூட்டு வலியைப் பற்றிச் சொன்னபோது, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் அதட்டியதில் அவர் பயந்துவிட்டார்.

வாடிக்கையாளரோடு சொந்த போனிலிருந்து பேசக்கூடாது. பேசினேன். மனைவிதான் எடுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தா போலிருக்கிறது, சக்கரம் உருளும் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், திட்டு வாங்கத்தான் போன் பண்ணினேன். அவள் திட்டவில்லை. மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் சாதாரணமாகச் சொன்னாள். மூன்று மாதம் முன்னால் நான் 'மிக நன்று' போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தாங்கவில்லை. அன்று அவள் பேசியதை நான் என்னவென்று குறித்து வைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

"குடும்ப எதிர்ப்புன்னா?" என்று கேட்டாள்.

விளக்கினேன். பாடத்தில் சொன்னதையெல்லாம், அந்தத் தையல்கார அம்மாவின் கணவர் வாங்கிவந்த இனிப்பு வரைக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வார்த்தையே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"நான் எதிர்த்திருக்கணும்," என்றாள் கடைசியில். "நீங்க சொன்னதும் சரின்னு போனைக் குடுத்துட்டேனே. எதிர்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவளே பேச்சை மாற்றினாள். அவருக்கு விஷயம் தெரியாதாம். காமாலை முற்றிவிட்டது, அதற்குத்தான் வைத்தியம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசுகிறாராம். போன புதன்கிழமை பத்தரைக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். சாப்பாட்டு வண்டி வந்து போன பிறகும் போனைக் கீழே வைக்கவில்லையாம்.

"வாராவாரம் பண்ற மாதிரி பண்ணுங்க," என்றாள். "எப்பவும் சொல்றதையே சொல்லுங்க. பாராட்டுங்க."

என்னால் முடியாது என்றேன்.

"முடியும். இத்தனை வாரமா நல்லாத்தானே சொன்னீங்க. அவருக்கு இப்ப இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான். அதையும் புடுங்கிடாதீங்க."

திட்டாத மனுஷி என்று நினைத்திருந்தேன். இதைவிட ஒரு திட்டு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்றேன்.

புதன்கிழமை புது ஆளிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி நேரத்தை மாற்றிவிட்டு, பத்தரைக்கு என் போனிலிருந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். குரல் ஆழத்திலிருந்து வருவதுபோல் இருந்தது, ஆனாலும் குதூகலம் குறையவில்லை. போன வாரம் என்னை மறந்துட்டீங்களே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி எடைமேடையில் ஏறினாராம். நம் வீட்டு மேடை மாதிரி நம்பிக்கையானது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன் என்று பீடிகை போட்டார்.

"எண்பத்தெட்டு," என்றார்.

வாரத்துக்கு ஒன்றே முக்கால் இறங்கியவர். பதினைந்தே நாளில் ஒன்பது கிலோ.

"பிரமாதம் அண்ணா," என்றேன். "யாராலயும் முடியாததைச் செஞ்சிருக்கீங்க."

அவர் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். சாப்பாடு அறவே இறங்கவில்லை, அதனால் மனக்கட்டுப்பாடு என்றெல்லாம் எதுவும் தேவைப்படவில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும், பக்கத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது கேட்டது. குடித்துவிட்டு, முதல் நாள் போனில் பேசிய அதே பணிவோடு கேட்டார்.

"இன்னும் எவ்வளவு குறைக்கணும் தங்கச்சி?"

நான் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அழுகிற சத்தம் போனில் போய்விடக்கூடாது.

"போதும் அண்ணா. இனிமே குறைக்க வேண்டாம்."

"போதுமாம்," என்று அவர் மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார். குரலில் அப்படி ஒரு பெருமை. "கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் அண்ணி.